தாழையைத் தேடு, பூ கிடைக்கும்: மொரீஷியஸில் ஐந்து நாள்

செப்டம்பர் 18, வியாழன் – க்யூர்பிப்

பெட்டி வரவில்லை. பிளேசான்ஸ் விமான நிலையத்தில் பெல்ட் காலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நானும் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குழந்தை வண்டியும் மட்டும் மிச்சம். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்து, "நாளைக்கு வந்துவிடும்" என்று சிரித்தார். மழைக்கோட்டு, மலையேறும் ஷூ, டார்ச், வீட்டில் கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி எல்லாம் அதற்குள். என்னிடம் இருந்தது ஒரு கைப்பை, ஒரு பைனாகுலர், காலில் கிடந்த பழைய ஷூ.

எதற்கு வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் என்றால் எல்லாரும் கடற்கரைக்கு வருவார்கள். நான் வந்தது ஒரு சின்ன மரத்தைப் பார்க்க. ட்ரோசெட்டியா பிளாக்பர்னியானா. உலகத்திலேயே இந்தத் தீவின் மேட்டுக் காட்டில் மட்டும்தான் தானாக வளர்கிறது. அதன் பூவுக்குத் தேனீ, வண்டைவிட முக்கியமான விருந்தாளி ஒரு பல்லி. பகலில் திரியும் பச்சைப் பல்லி. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தலைக்குள் ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. "நம்ம வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஏழு இருக்கு. பல்லியைப் பார்க்கவா பிளேன் ஏறுறீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

தங்குவது ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை வீட்டில். பத்து வருடத்துக்கு முன் மதுரைக் கோயில்களைப் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் டீச்சரக்கா. பாட்டி பேசிய தமிழ் அம்மாவிடம் பாதியாகி, இவரிடம் வந்து சேரும்போது ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. பள்ளியிலும், பிறகு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் படித்துத் திரும்பப் பிடித்தார். அதனால் அவர் பேசுவது புத்தகத் தமிழ். வாசலிலேயே, "வாருங்கள் தம்பி. தாங்கள் மிகவும் களைப்பாக இருக்கிறீர்கள். தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார். முதல் அரை மணி நேரம் நானும் ஏதோ மேடையில் நிற்பவனைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் சரியாகிவிட்டது.

அக்காவின் மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசுவான். தமிழில் 'வணக்கம்', 'போதும்' என்ற இரண்டு சொற்கள். என்னைத் தொந்தொன் என்று கூப்பிடுகிறான். க்ரியோலில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதுமாம்.

நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் அக்கா. தமிழ் வம்சாவளியில் வந்த அந்தக் கால அமைச்சர் ரங்கநாதன் சீனிவாசன் படம். நம் சீனிவாசன்தான், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வேறு ஆளாகத் தெரிகிறார். நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று இங்கே பெரிய எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது அரசு. "பேசத் தெரியாதவர்களும் சண்டைக்கு வந்தார்கள்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

வெளியே மழை. பதினேழு டிகிரி இருக்கும். க்யூர்பிப்பில் மழை நின்றுவிட்டதா என்று யாரும் கேட்பதில்லையாம். எவ்வளவு என்றுதான் கேட்பார்களாம்.

செப்டம்பர் 19, வெள்ளி – போர்ட் லூயி, பிறகு திரும்ப க்யூர்பிப்

பெட்டி வரவில்லை. "நாளைக்கு."

பஸ்ஸில் தலைநகருக்குப் போனோம். மலையிலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. கீழே வெயில், மேலே மழை. இந்தச் சின்னத் தீவில் ஒரு மணி நேரப் பயணத்தில் ஊட்டியும் நாகப்பட்டினமும்.

சந்தையில் என்னை நிறுத்தியது காய்கறி வரிசை. முருங்கைக்கீரைக் கட்டைக் காட்டி "என்ன விலை?" என்று சைகையில் கேட்டேன். கடைக்காரர் சீன முகம். "ப்ரெட் முரும்" என்றார். ப்ரெட் என்றால் கீரை. முரும்? முருங்கைதான்! பக்கத்தில் பீர்க்கங்காய். அது 'பிப்பங்காய்'. கொத்தமல்லி 'கொத்தொமிலி'. கறிவேப்பிலை 'கரிபூலே'. பிரெஞ்சு பேசுகிறவரும் சீனரும் முஸ்லிம்களும் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், அது யார் வீட்டுச் சொல் என்று யோசிக்காமல். பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் இங்கே கூட்டிவந்தார்கள். கரும்புக்காட்டுக்குக் கூலிகள் வந்தது அதற்கு நூறு வருடம் கழித்து. முதலில் வந்தவர்கள் கட்டிய சுவர்களில் எத்தனை நிற்கின்றனவோ, பீர்க்கங்காய் நிற்கிறது.

தால் பூரி சாப்பிட்டேன். பெயரைக் கேட்டு நம் பூரியை நினைத்துவிடாதீர்கள். கடலைப் பருப்பை வேகவைத்து அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி. போளியிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இரண்டை ஒன்றாக வைத்து, பீன்ஸ் குழம்பு, தக்காளி ருகாய், பச்சை மிளகாய்த் துவையல் தடவி, காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். ஜோடி 25 ரூபாய். நம் காசில் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வரிசையில் எனக்கு முன் நின்ற பெரியவர், நான் வெளியூர் என்று தெரிந்ததும் ஒதுங்கி என்னை முன்னால் விட்டார். அப்புறம் நான் மிளகாய்த் துவையலைக் கண்டு பயப்படுகிறேனா என்று பக்கத்தில் நின்று பார்த்தார். பயப்படவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேறு.

பிறகு ஒரு அலூடா. சப்ஜா விதையும் கடல்பாசியும் போட்ட குளிர்ந்த பால். நம்ம ஜிகர்தண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம். மதுரைக்காரன் என்ற முறையில் தீர்ப்பைச் சொல்லாமல் விடுகிறேன்.

மாலை க்யூர்பிப் தாவரத் தோட்டம். அங்கே ஒரு பனை வகை மரம் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. ஹையோஃபோர்பே அமரிகாலிஸ். உலகத்தில் இந்த இனத்தில் உயிரோடு இருப்பது இந்த ஒரே மரம். அதன் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே நேரத்தில் மலர்வதில்லை. தனக்குத்தானே துணையாகவும் வழியில்லை. பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒல்லியாக, சற்றுச் சாய்ந்து, ஊரில் நோயில் விழுந்து எழுந்த தாத்தா மாதிரி. பத்து நிமிடம் நின்றேன். மழை வந்தது. ஓடினேன்.

வரும் வழியில் ஒரு வீட்டு வேலியில் சிவப்பாகத் தொங்கும் பூக்கள்! மரம் அல்ல, செடிதான், ஆனால் மணி மாதிரித் தொங்குகிறது. பன்னிரண்டு படம் எடுத்து, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று மனைவிக்கு அனுப்பினேன். அக்கா படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக, "தம்பி, இது வேலிப் பூ அல்லவா?" என்றார். மிளகாய்ச் செம்பருத்தி. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் இருக்கிறது. என் பக்க நியாயம் ஒன்று: இரண்டும் ஒரே குடும்பம்தான். செம்பருத்தி, பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் இருக்கும் அதே பெரிய குடும்பத்தில் ட்ரோசெட்டியாவும் சேர்த்தி. மனைவி இந்த விளக்கத்துக்குப் பதில் அனுப்பவில்லை.

செப்டம்பர் 20, சனி – வீட்டில் காலை, பெத்ரேனில் மதியம்

புரட்டாசி முதல் சனிக்கிழமை. இங்கே இதற்கு 'கோவிந்தன்' என்று பெயர். வீட்டில் அசைவம் கிடையாது. விடிகாலை நாமம் வரைந்து, துளசி வைத்து, மகன் உட்பட எல்லாரும் "கோவிந்தா, கோவிந்தா". அவனுக்குத் தெரிந்த மூன்றாவது தமிழ்ச் சொல் இதுதான் போல.

வாழை இலையில் சாப்பாடு. பூசணிக்காய், பலாக்காய், வாழைக்காய், கீரை, பருப்பு, அப்புறம் 'ரஸோன்'. ரசம் பிரெஞ்சு மூக்கால் பேசினால் ரஸோன். மிளகு தூக்கல், புளி கொஞ்சம் குறைவு, நன்றாகவே இருந்தது. நான் இலையை என் பக்கமாக மடித்ததை அக்கா கவனித்து, திருப்தியோடு தலையாட்டினார். இந்த விஷயத்தில் மகனைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டதாம்.

பெட்டி வரவில்லை. இப்போது "திங்கட்கிழமை" என்கிறார்கள்.

மதியம் பெத்ரேன். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் மேட்டு வாசல். மகனின் காரில், அவனுடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கை இரண்டு இஞ்ச் நீளம். வழியில் கங்கா தலாவ் என்ற புனித ஏரி. 33 மீட்டர் உயரச் சிவன் பனிமூட்டத்தில் இடுப்புக்கு மேல் தெரியவில்லை. திரிசூலத்தின் கைப்பிடியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

காடு என்றதும் நான் குற்றால மலையை நினைத்திருந்தேன். இது குட்டைக் காடு. காற்று அடித்து அடித்து மரங்கள் தோள் உயரத்திலும் தலை உயரத்திலும் நின்றுவிட்டன. அதிலும் பாதிக்கு மேல் சீனக் கொய்யா, வெளிநாட்டிலிருந்து வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. சிவப்பான சின்னப் பழத்தை உப்பு மிளகாய் தொட்டுத் தின்ன இங்கே எல்லாருக்கும் ஆசை. காட்டுக்கு அதுதான் எமன். நெருக்கமாக முளைத்து, கீழே வேறு விதை எழும்ப இடமே விடாது. தீவில் கெடாமல் மிச்சமிருக்கும் பழைய காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் இங்கே சில துண்டுகளை வேலி போட்டு, கொய்யாவைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிக் காப்பாற்றுகிறார்கள்.

மூன்று மணி நேரம் சுற்றினேன். மழை பக்கவாட்டில் அடித்தது. ஒரு பூ இல்லை. நான்கு மணிக்கு வலது ஷூவின் அடிப்பாகம் தனியாகக் கழன்று, சேற்றில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மகன் காரிலிருந்த பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிவிட்டான். திரும்பும்போது சாலையோரத்தில் நிறுத்தி, எனக்கு ஒரு டீயும் தனக்கு ஒரு தட்டு முட்டை நூடுல்ஸும் வாங்கினான். "தொந்தொன், அம்மாவிடம் சொல்லாதீர்கள்." கோவிந்தா.

செப்டம்பர் 21, ஞாயிறு – ப்ளேன் ஷாம்பான்

அக்காவே இன்று கூட வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவரையும் வழியில் ஏற்றிக்கொண்டோம். நாற்றங்காலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். க்ரியோல் மட்டும்தான் பேசுவார். அவர் சொல்வதை மகன் ஆங்கிலத்தில் சொல்ல, எனக்குப் புரியாத முகம் வந்தால் அக்கா புத்தகத் தமிழில் சொல்வார். நேற்று எங்கே தேடினேன் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். நீளமாக ஏதோ சொன்னார். மகன் சுருக்கினான். கடைசியில் அக்கா சொன்னது இது: "பூவைத் தேடாதீர்கள் தம்பி. தாழையைத் தேடுங்கள்."

தாழை! இங்கே அதற்கு 'வக்வா' என்று பெயர். பக்கத்து ஊர் வாக்வாவுக்கே அந்தப் பெயர்தான். நம் கடற்கரைத் தாழை அல்ல, இந்தத் தீவுக்கே உரிய வகைகள். ஆனால் அதே முள் விளிம்பு, அதே சுருள் சுருளான இலை அடுக்கு, அதே ஊன்று வேர்.

பல்லிக்கு வீடு அந்த இலை அடுக்குதான். மேலே வட்டமிடும் வல்லூறு முள்ளுக்குள் கைவைக்க முடியாது. வீட்டை விட்டுத் தொலைவாகப் போகப் பயப்படும் பல்லி, அக்கம்பக்கத்தில் இருக்கும் பூக்களுக்குத்தான் போகும். ஆராய்ச்சியாளர்கள் இதை எண்ணியே பார்த்து 2007இல் எழுதியிருக்கிறார்கள்: தாழைப் புதருக்குப் பக்கத்தில் நிற்கும் ட்ரோசெட்டியாவுக்குப் பல்லி அதிகம் வருகிறது, காயும் அதிகம் பிடிக்கிறது. தள்ளி நின்றால் இரண்டும் குறைவு. இதை நான் ஊரிலேயே படித்திருந்தேன். படித்துவிட்டு நேற்று மூன்று மணி நேரம் வெறும் காட்டில் சுற்றியிருக்கிறேன். பெரியவர் எதையும் படிக்கவில்லை. நாற்றுக்கு விதை பொறுக்கப் போன இடங்களை நினைவில் வைத்திருந்தார்.

தாழம்பூவைச் சிவனுக்குச் சூடக்கூடாது என்று நம் ஊரில் ஒரு கதை உண்டே, பொய்ச்சாட்சி சொன்ன பூ என்று. இங்கே 33 மீட்டர் சிவனுக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தக் குலமே புதர் புதராக, ஒரு புண்ணியக் காரியமும் செய்துகொண்டு நிற்கிறது.

பத்தரை மணிக்குப் பார்த்தேன். என் உயரத்துக்குச் சற்று மேல். இலையின் அடிப்பக்கம் துருப்பிடித்த நிறத்தில், பூனை முதுகு போல மெத்தென்று இருந்தது. இலைகளுக்குக் கீழே, வெட்கப்பட்ட மாதிரித் தலைகுனிந்து பூக்கள். ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். ரோஜா நிறமும் சிவப்பும் கலந்தது. ஜிமிக்கியைத் தலைகீழாகப் பார்க்க வேண்டியதில்லை, அது தொங்குவதே ஜிமிக்கி மாதிரிதான். பெரியவர் ஒரு கிளையைத் தொடாமல், கீழே குனிந்து உள்ளே பார்க்கச் சொன்னார். உள்ளே தேன். நம் ஊர்ப் பூவில் தேன் தண்ணீர் மாதிரி இருக்கும். இதில் மஞ்சள். பளிச்சென்று, தெரிகிற மாதிரி.

நிறமுள்ள தேன் உலகத்திலேயே அரிது. மொரீஷியஸில் மூன்று செடிகளில் இருப்பதை 1998இல் எழுதினார்கள். அதில் இரண்டு ட்ரோசெட்டியா. எதற்கு இந்த நிறம் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. பிறகு செயற்கைப் பூக்களில் நிறமில்லாத தேனும் நிறமுள்ள தேனும் வைத்துப் பகல் பல்லிகளை விட்டுப் பார்த்தார்கள். அவை நிறமுள்ளதைத்தான் முதலில் தேடிப் போயின. கண்ணுக்குத் தெரிந்தால்தானே சாப்பாடு.

பல்லி? இல்லை. மேகம் மூடியிருந்தது. வெயில் வராமல் அது வராது என்றார் பெரியவர். கல்லில் உட்கார்ந்தோம். அக்கா பிளாஸ்கிலிருந்து வெனிலா மணக்கும் டீ ஊற்றினார். ஒரு மணி நேரம். பேச ஒன்றும் இல்லை. நான்கு பேருக்கும் பொதுவான மொழியும் இல்லை. நன்றாக இருந்தது.

பன்னிரண்டு அடிக்கப் போகும்போது மேகம் விலகியது. ஐந்து நிமிடத்தில் தாழை மடலின் முனையில் ஒரு தலை. பச்சை என்றால் கிளிப்பச்சை. முதுகில் சிவப்புப் புள்ளிகள். வாலுக்கு வந்தால் நீலம், மயில் கழுத்து நீலம். என் வீட்டு டியூப்லைட் பல்லிகளை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது, சாலையைக் கடக்கும் கிழவி போல. விடுவிடென்று கிளையில் ஓடியது. பூவின் விளிம்பைக் காலால் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டது. பூ ஆடியது. வெளியே எடுத்தபோது தாடையில் மகரந்தம் அப்பியிருந்தது. நாக்கால் தன் கண்ணை நக்கிக்கொண்டது. அடுத்த பூ. பிறகு மேலே ஏதோ நிழல் போக, ஒரே ஓட்டமாகத் தாழைக்குள்.

மொத்தம் நாற்பது நொடி இருக்கும். படம் எடுக்கவில்லை. கேமராவை எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் லென்ஸ் மூடி கழற்றாமல் இருந்தது.

திரும்பும் வழியில் கோர்ஜஸ் காட்சி முனை. அன்னாசியைச் செதுக்கி உப்பு மிளகாய் தூவி விற்கிறார்கள், நூறு ரூபாய். விலை அநியாயம், ருசி அதைவிட. நான் ஒரு கடி கடித்தேன். மிச்சத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டது. கையிலிருந்து நேராக. இந்தக் குரங்குகளும் தீவின் பிறவிகள் அல்ல, பழைய கப்பல்களில் வந்தவை. காட்டுப் பூவையும் காயையும் பறவை முட்டையையும் விட்டுவைப்பதில்லை. பெரியவர் அதைப் பார்த்துச் சொன்னதை மகன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

செப்டம்பர் 22, திங்கள் – லெ மோர்ன், கடைசி இரவு

லெ மோர்ன் மலையடிவாரம் வரை மட்டும் போனேன். கயிறு கட்டிய ஷூவோடு மேலே ஏற அக்கா விடவில்லை. ட்ரோசெட்டியாவின் இன்னொரு வகை, இந்த நாட்டின் தேசிய மலர், தானாக வளர்வது இந்த ஒரு மலையில்தான். நாடு குடியரசான 1992 மார்ச் 12இலேயே அதைத் தேசிய மலர் ஆக்கினார்கள். இங்கே பெயர் 'கம்மல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை. கீழேயிருந்து பைனாகுலரில் பாறையைத்தான் பார்த்தேன். சரி, ஒரு பயணத்துக்கு ஒரு பூ.

மாலை ஆறு மணிக்குப் பெட்டி வந்தது. நாளைக் காலை விமானம். மழைக்கோட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. பருப்புப்பொடியை அக்காவிடம் கொடுத்தேன்.

இரவு சமையலறையில் நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியவரும் விடைகொடுக்க வந்திருந்தார். சூடான சோறு, நெய்யில்லாமல் பருப்புப்பொடி, 'ப்ரெட் முரும்' ரஸோன். அலமாரிக்குப் பின்னால் சாம்பல் நிற வீட்டுப் பல்லி ஒன்று 'ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு' என்றது. அக்கா பேச்சை நிறுத்தாமல் விரலால் மேசையில் மூன்று தட்டுத் தட்டினார். மகனும் போனைப் பார்த்தபடியே தட்டினான்.

எதற்கு என்று கேட்டேன். தெரியாது, பாட்டி செய்வாள் என்றார் அக்கா. மகன் நிமிர்ந்து, "எதைச் செய்தேன், தொந்தொன்?" என்றான்.